உள்ளே திருத்துங்கள், முகத்தைத் தொடாதீர்கள்

(பழைய குரோனோகிராப் கைமணிக்கூடுகளைச் சேகரிப்பது பற்றித் தம்பிலுவிலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய குரோனோகிராப் கைமணிக்கூடுகளைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். பெற்றரி இல்லாமல், முறுக்கிய வில்லின் விசையால் ஓடுகிற மணிக்கூடுகள் இவை. நேரம் காட்டுவதோடு இவற்றுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் ஒரு முள் புறப்படும். மறுபடி அழுத்தினால் நிற்கும். இன்னொரு பொத்தானை அழுத்தினால் சுழியத்துக்குத் திரும்பும். விளையாட்டு மைதானத்தில் ஆசிரியர் கையில் பிடித்திருக்கும் நிறுத்தற்கடிகாரத்தையும் நாள் முழுக்க நேரம் காட்டும் மணிக்கூட்டையும் ஒரே கேஸுக்குள் அடக்கிய கருவி என்று மாணவர்கள் புரிந்துகொள்ளலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மணிக்கூடு ஒரு பத்திரம். காணி உறுதியில் மை மங்கிவிட்டது என்பதற்காக யாரும் அதன்மேல் புது மை பூசுவதில்லை. பூசினால் அந்த உறுதி செல்லாது. மணிக்கூட்டின் முகமும் அப்படித்தான். அதன் மெஷினைத் திருத்தலாம், திருத்தவும் வேண்டும். முகத்தைப் புதிதாக்கினால் அது எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது என்பதற்கான சாட்சி அழிந்துபோகும். யுத்தத்திலும் கடல்கோளிலும் வீடு வீடாகப் பொருட்களை இழந்த கரையோரம் இது. எஞ்சியிருப்பவற்றை எப்படி வைத்திருப்பது என்று மற்ற எவரையும்விட நாம்தான் அதிகம் யோசிக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் என்ற கேள்வி

1996 மே மாதத்தில் இலங்கையின் நேரத்தை அரசாங்கம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்கு மீண்டோம். அந்தப் பத்து ஆண்டுகளில் வடக்கு கிழக்கில் ஒரு கூட்டத்துக்கோ திருமணத்துக்கோ நேரம் சொன்னால், “பழைய நேரமா, புதிய நேரமா?” என்று கேட்கவேண்டியிருந்தது இங்குள்ள பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது எத்தனை மணி என்ற கேள்விக்கு விடை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் மாறிவிடும். எவ்வளவு நேரம் சென்றது என்ற கேள்விக்கு விடை எந்த அறிவித்தலாலும் மாறாது. இரண்டாவது கேள்விக்காகப் பிறந்ததுதான் குரோனோகிராப்.

முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் வானத்தைப் பார்த்தவர்களும் குதிரை ஓட்டியவர்களும். பிரான்ஸ் நாட்டின் லூயி மொய்னே என்பவர் வானியல் அவதானிப்புக்காக 1816இல் ஒரு கருவியை முடித்தார். அது ஒரு செக்கனின் அறுபதில் ஒரு பங்கை அளந்தது. அந்தக் கருவி பற்றிய செய்தி 2013இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதுவரை முதல்வர் என்று போற்றப்பட்டவர் நிக்கொலா ரியூசெக். 1821இல் பரிஸ் நகரத்துக் குதிரைப் பந்தயத்தில் அவர் செய்த பெட்டி வடிவக் கருவி பயன்பட்டது. ஒவ்வொரு குதிரையும் எல்லைக்கோட்டைக் கடக்கும்போது அது சுழலும் டயலின்மேல் ஒரு சொட்டு மை வைத்தது.

இரண்டு கருவிகளும் அளந்தன. ஆனால் அளக்கும் முள்ளை நொடியில் சுழியத்துக்குக் கொண்டுவரும் வழி நல்ல முறையில் அமைந்தது பின்னர்தான். 1844இல் அடொல்ஃப் நிக்கோல் காப்புரிமை பெற்ற ஒரு சிறு தகடு அதைத் தீர்த்தது. இதய வடிவில் வெட்டிய தகடு அது. சிறு சுத்தியல் ஒன்று அதன் விளிம்பில் எந்த இடத்தில் விழுந்தாலும், வழுக்கிக்கொண்டே போய் இதயத்தின் பள்ளத்தில்தான் நிற்கும். தகடு அப்போது ஒரே நிலைக்கு வந்துவிடும். அதோடு பொருத்திய முள் பன்னிரண்டில் வந்து நிற்கும். ஏறத்தாழ 180 ஆண்டுகள் கடந்தும் இன்று செய்யப்படும் விலையுயர்ந்த குரோனோகிராப்களில் இதே இதயத் தகடுதான் இருக்கிறது. இதைவிட எளிமையான, இதைவிட நம்பகமான வழி இன்னும் கிடைக்கவில்லை.

குரோனோகிராப் கைக்கு வந்தது 1913இல். லோன்ஜின்ஸ் செய்த 13.33Z என்ற மெஷின், கைமணிக்கூட்டுக்கென்றே வடிவமைத்த முதல் குரோனோகிராப் மெஷின்களுள் ஒன்று. அப்போது சாவிக் குமிழிலேயே ஒற்றைப் பொத்தான். தொடங்கு, நிறுத்து, திரும்பு என்ற வரிசையை மாற்ற முடியாது. பிரைட்லிங் நிறுவனம் 1915இல் பொத்தானைக் குமிழிலிருந்து பிரித்தது. 1934இல் திருப்புவதற்கென்று இரண்டாவது பொத்தானை வைத்தது. அதன்பிறகு நிறுத்தி, மீண்டும் விட்ட இடத்திலிருந்து அளக்க முடிந்தது. இன்று நாம் காணும் இரண்டு பொத்தான் முகம் அப்படி வந்ததே.

ஒரு தசமத்தின் கதை

மெஷினின் உள்ளே பலன்ஸ் சக்கரம் இடமும் வலமும் ஆடுகிறது. பழைய மெஷின்கள் பலவும் மணித்தியாலத்துக்கு 18,000 தடவை அடித்தன, செக்கனுக்கு ஐந்து. ஆகவே அந்த மணிக்கூட்டால் செக்கனின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே அளக்க முடியாது. 36,000 தடவை அடித்தால் பத்தில் ஒரு பங்கு. டயலின் ஓரத்தில் செக்கன்களுக்கு இடையே எத்தனை கோடுகள் என்று எண்ணிப் பாருங்கள். மெஷினின் அடியோடு பொருந்தாத கோடுகள் இருந்தால், அந்த டயல் அந்த மெஷினுக்குரியது தானா என்று ஐயப்பட இடமுண்டு.

இதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் டங்கன் வைட் வெள்ளிப் பதக்கம் வென்றார். இலங்கை பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அவருடைய நேரம் 51.8 செக்கன். 2000 சிட்னியில் சுசந்திகா ஜெயசிங்க 200 மீற்றரில் ஓடிய நேரம் 22.28 செக்கன். முதல் எண்ணில் தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம், இரண்டாவதில் இரண்டு. முதல் நேரம் கையால் அழுத்திய பற்சக்கரக் கருவியின் நேரம். இரண்டாவது நேரத்தில் மனித விரலுக்கு இடமில்லை. ஒரு தசம இலக்கத்திலேயே ஒரு காலத்தின் கருவி தெரிகிறது. இல்ல விளையாட்டுப் போட்டிகளின் பழைய பதிவேடுகள் பாடசாலையில் இருந்தால் மாணவர்கள் எடுத்துப் பார்க்கட்டும். எந்த ஆண்டில் எந்தக் கருவி வந்தது என்று அந்த எண்களே சொல்லும்.

டயலின் ஓரத்திலுள்ள அளவுக்கோடுகள் இன்னொரு படிப்பு. மூன்று வகை அதிகம் காணலாம்.

முதலாவது, வேகம் அளப்பது. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் போகும் வீதியில் ஒரு கிலோமீற்றர் கல்லில் பொத்தானை அழுத்தி அடுத்த கல்லில் நிறுத்துங்கள். முள் 45 செக்கனில் நின்றால் அதற்கு நேரே 80 என்று எழுதியிருக்கும். வாகனம் மணித்தியாலத்துக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது.

இரண்டாவது, தூரம் அளப்பது. மின்னலைக் கண்டதும் அழுத்தி, இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் போவதால், ஆறு செக்கன் என்றால் இடி இரண்டு கிலோமீற்றர் அப்பால். பீரங்கியின் ஒளியையும் ஒலியையும் கொண்டு தூரம் கணிக்க இராணுவத்தினர் இதைப் பயன்படுத்தினர். பருவமழைக்கு முந்திய மாதங்களில் வயலில் நிற்பவருக்கும் கடலில் நிற்பவருக்கும் இது உயிர் காக்கும் கணக்கு.

மூன்றாவது, வைத்தியருக்கானது. நோயாளியின் நாடியைப் பிடித்து 30 துடிப்பு எண்ணியதும் நிறுத்தினால், நிமிடத்துக்கு எத்தனை என்று முள்ளே காட்டும். முப்பது துடிப்புக்கு 25 செக்கன் சென்றால் 72. வைத்தியர் இருந்த வீடுகளில் இப்படிப்பட்ட டயல் இருந்தால் அதைச் சாதாரண மணிக்கூடு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

டயலில் ஒரு பெயர், உள்ளே வேறொரு பெயர்

சேகரிக்கத் தொடங்குபவர் முதலில் அறியவேண்டியது இது. டயலில் நூறு பெயர்கள் இருக்கும். உள்ளிருக்கும் மெஷினைச் செய்த வீடுகள் சில. வால்ஜூ, வீனஸ், லாண்டரோன், லெமானியா என்ற நான்கு பெயர்களைத் தெரிந்துகொண்டால் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக் குரோனோகிராப்களில் பெரும்பங்கு பிடிபட்டுவிடும். ரோலெக்ஸ் டேடோனாவிலும் ஹோயர் கரேராவிலும் 1963இல் இருந்தது வால்ஜூ 72. ஒமேகா 1957இல் வெளியிட்ட ஸ்பீட்மாஸ்டருக்குள் இருந்தது லெமானியா வடிவமைத்த மெஷின். ஒமேகா அதற்கு 321 என்று எண் கொடுத்தது. அதே வால்ஜூ, அதே வீனஸ் மெஷின்கள் யாரும் அறியாத சிறு பெயர்களின் டயலுக்குக் கீழும் ஓடின. பெயருக்குப் பணம் கொடுக்க முடியாதவர் மெஷினைப் பார்த்துச் சேகரிக்கலாம். அது ஏழையின் வழி மட்டுமன்று, அறிவாளியின் வழியும் அதுதான்.

மெஷினுக்குள் கட்டளை போடும் பாகம் இரண்டு வகை. ஒன்று தூண் சக்கரம்: கோட்டைக் கொத்தளம்போல் சிறு தூண்கள் நிற்கும் சக்கரம், பொத்தானின் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு படி திரும்பும். செய்யக் கடினம், அழுத்த மென்மை. மற்றது வெட்டிய தகடுகளால் ஆனது. லாண்டரோன் 1937இல் அதைப் பெருமளவில் கொண்டுவந்தது. மலிவு, உறுதி, ஆனால் பொத்தான் சற்றுக் கடினம். லாண்டரோன் 48 கையில் கிடைத்தால் நினைவில் வையுங்கள்: அதில் மேல் பொத்தான் தொடங்க மட்டும், நிறுத்துவதும் திருப்புவதும் கீழ்ப் பொத்தான். இது தெரியாமல் பழுது என்று நினைத்துப் பொத்தானை வலிந்து அழுத்தினால் நல்ல மெஷின் உடைந்துபோகும்.

இந்த மெஷின்களின் வார்ப்புகளும் கருவிகளும் நாடு விட்டு நாடும் போயின. வீனஸ் 175இன் கருவிகளைச் சீனா 1961இல் வாங்கித் தன் விமானப் படைக்காகக் குரோனோகிராப் செய்தது. வால்ஜூ 7734இன் கருவிகளைச் சோவியத் ஒன்றியம் வாங்கி, மொஸ்கோவில் போல்யோத் 3133 என்ற மெஷினை 1976 முதல் செய்தது. இன்று ‘1963’ என்ற பெயரில் விற்கப்படும் சீன மணிக்கூடுகள் அநேகம் புதியவை. நல்ல மெஷின்தான், ஆனால் பழையது என்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

1969, பிறகு வந்த இருள்

சந்திரனில் மனிதன் கால்வைத்த ஆண்டிலேயே மணிக்கூட்டுத் துறையிலும் ஒரு பந்தயம் முடிவுக்கு வந்தது. கை அசைவாலேயே தன் வில்லை முறுக்கிக்கொள்ளும் குரோனோகிராப்பை யார் முதலில் செய்வது என்ற பந்தயம். ஸெனித் தன் எல் ப்ரிமேரோவை 1969 ஜனவரி 10இல் அறிவித்தது. ஹோயர், பிரைட்லிங், ஹமில்டன்-பியூரன், டியுபுவா-டெப்ராஸ் கூட்டணி தன்னுடையதை மார்ச் 3இல் அறிவித்தது. யப்பானின் சீக்கோ பெரிய அறிவித்தல் இல்லாமல் 6139 என்ற மெஷினை மே மாதத்தில் கடைக்கே கொண்டுவந்துவிட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 25இல் சீக்கோ முதல் குவாட்ஸ் கைமணிக்கூட்டை விற்றது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பெற்றரி மணிக்கூடு பற்சக்கரத்தை வீழ்த்தியது. 1970இல் சுவிஸ் மணிக்கூட்டுத் துறையில் ஏறத்தாழ 90,000 பேர் வேலை செய்தார்கள். 1980களின் நடுப்பகுதியில் அந்த எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு அருகே சுருங்கிவிட்டது.

இங்கே ஒரு தொழிலாளியின் பெயரைச் சொல்லவேண்டும்: சார்ல்ஸ் வெர்மோ. ஸெனித் தொழிற்சாலையின் அன்றைய அமெரிக்க உரிமையாளர்கள் 1975இல் பற்சக்கர மணிக்கூட்டு வேலையை நிறுத்தி, கருவிகளைக் கழிக்கச் சொன்னார்கள். வெர்மோ மறுத்துப் பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. பிறகு எல் ப்ரிமேரோவைச் செய்யும் அச்சுகளையும் வெட்டுக் கருவிகளையும் ஒவ்வொன்றாகத் தொழிற்சாலையின் பரணுக்குக் கொண்டுபோய் மறைத்துவைத்தார். எது எதற்கு என்று எழுதியும் வைத்தார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்து அந்த மெஷினுக்கு மீண்டும் தேவை வந்தபோது, எல்லாம் அவர் வைத்த இடத்தில் இருந்தன. 1988இல் ரோலெக்ஸ் தன் டேடோனாவுக்கு அந்த மெஷினைத்தான் அடிப்படையாக எடுத்தது. அவர் கருவியை மறைத்துவைத்ததற்காகப் போற்றுகிறோம். அதைவிட, எழுதிவைத்ததற்காக நான் அவரைப் போற்றுகிறேன். எழுதாமல் வைத்த கருவி அடுத்த தலைமுறைக்கு வெறும் இரும்புதான்.

எளியவரின் குரோனோகிராப்

சீக்கோ 6139க்கு வருகிறேன். நம் பகுதியில் பழைய குரோனோகிராப் ஒன்று அலுமாரி லாச்சியில் கிடைத்தால், அது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்புண்டு.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. அறுபதுகளிலும் எழுபதுகளின் முதற்பாதியிலும் இலங்கை அந்நியச் செலாவணிப் பஞ்சத்தில் இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. சுவிஸ் குரோனோகிராப் என்பது ஊருக்கு ஒன்றுகூட வராத பொருள். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. அதையொட்டியே மத்திய கிழக்குப் பயணமும் பெருகியது. சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்கள் விடுமுறையில் திரும்பும்போது கையில் சீக்கோ 5 மின்னியதை இந்தக் கரையோரத்தின் தமிழ் வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் ஒன்றாகவே நினைவில் வைத்திருக்கின்றன. ஐந்து வேளைத் தொழுகைக்கும் கோயில் முகூர்த்தத்துக்கும் அந்த மணிக்கூடுகளே உழைத்தன. அவற்றின் நடுவே, பொத்தான் இரண்டு நீட்டிய 6139உம் அதே குடும்பத்து 6138உம் சில கைகளில் வந்தன.

6139ஐ அடையாளம் காண்பது எளிது. ஆறு மணியருகே முப்பது நிமிடம் எண்ணும் ஒற்றைச் சிறு வட்டம். மூன்று மணியருகே நாளும் திகதியும். தனியாக ஓடும் செக்கன் முள் கிடையாது. நடுவிலுள்ள நீண்ட முள்ளே அளக்கும் முள். அதனால் பலர் பொத்தானை அழுத்தி அதை எந்நேரமும் ஓடவிட்டார்கள். மேலிருந்து கீழாக அழுத்திப் பிடிக்கும் இணைப்பு முறை இதில் இருப்பதால் அதனால் கெடுதி பெரிதாக இல்லை. சாவிக் குமிழால் முறுக்க இதில் வழியில்லை. கையில் கட்டி அசைத்தால்தான் ஓடும். ‘சாவி ஏறவில்லை, பழுது’ என்று வீசியெறிந்தவர்கள் உண்டு. குமிழை மெல்ல உள்ளே அழுத்தினால் திகதி மாறும். முழுதும் அழுத்தினால் நாள் மாறும்.

பின்மூடியில் ஓர் ஆறு இலக்கத் தொடர் எண் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், அடுத்தது மாதம். 41 என்று தொடங்கினால் 1974 ஜனவரி. இந்த மெஷின் 1969இலிருந்து எழுபதுகளின் இறுதி வரைதான் செய்யப்பட்டது. ஆகவே அந்த ஒற்றை இலக்கத்தில் குழப்பம் மிகக் குறைவு. உங்கள் மாமா எந்த ஆண்டில் வெளிநாடு போனார் என்பதோடு அந்த எண் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே சரிபார்க்கலாம்.

இதே ரகம் விண்வெளிக்கும் போனது. அமெரிக்காவின் வில்லியம் போக், 1973 நவம்பரிலிருந்து 1974 பெப்ரவரி வரை ஸ்கைலாப் நிலையத்தில் 84 நாட்கள் இருந்தார். நாசா அனுமதித்த மணிக்கூடு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். 1965 மார்ச் 1இல் கடும் பரிசோதனைகளுக்குப் பின் தேர்ந்தது அது. அப்போலோ 13 விபத்தில் 14 செக்கன் இயந்திர எரிப்பை அளந்ததும் அதுதான். போக் பயிற்சிக் காலத்தில் தாமே கடையில் வாங்கிப் பழகிய மஞ்சள் முகச் சீக்கோ 6139ஐயும் கூடவே கொண்டுபோனார். விண்வெளியில் ஓடிய முதல் தானியங்கிக் குரோனோகிராப் என்று இன்று அது அறியப்படுகிறது. ஆனால் பல பத்தாண்டுகள் இந்தச் செய்தி யாருக்கும் தெரியாது. பழைய படங்களில் அவர் கையைக் கவனித்த ஒரு சேகரிப்பாளர் அவரிடமே கேட்டார். அவர் விடை சொன்னார். போக் 2014இல் காலமானார். கேள்வி சற்றுத் தாமதித்திருந்தால் வரலாற்றில் அந்த வரி எழுதப்பட்டிருக்காது.

முகத்தைத் தொடாதீர்கள் என்று ஏன் சொல்கிறேன்

தெற்காசியாவில் பழைய மணிக்கூட்டை விற்பவர்கள் அதை முதலில் புதுசாக்குகிறார்கள். டயலைச் சுரண்டி மறுபடி வர்ணம் பூசுகிறார்கள். கேஸை உருளையில் வைத்துப் பொலிஷ் போட்டுக் கூர்விளிம்புகளை உருட்டுகிறார்கள். வெவ்வேறு மணிக்கூடுகளின் பாகங்களை ஒன்றாக்குகிறார்கள். இந்தியாவிலிருந்து உலகச் சந்தைக்கு வரும் இப்படிப்பட்ட மணிக்கூடுகளுக்குச் சேகரிப்பாளரிடையே ‘மும்பாய் ஸ்பெஷல்’ என்றே பெயர். கைத்திறன் குறைந்தவர்கள் செய்த வேலை என்று இதை இகழ எனக்கு மனமில்லை. பாகம் கிடைக்காத ஊரில் ஒரு மணிக்கூட்டை ஓட வைத்தவர்கள் அவர்கள். குறை, புதுசு என்று சொல்லாமல் பழசு என்று சொல்லி விற்பதில் இருக்கிறது.

அசல் முகத்தைக் கண்டறியச் சில வழிகள் உண்டு. எழுத்துகள் பெருக்காடியில் கூர்மையாக இருக்கவேண்டும். கையால் வரைந்ததுபோல் தடித்து நெளிந்தால் மறுபூச்சு. சீக்கோவில் டயலின் அடிவிளிம்பில் மிகச் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கம் பின்மூடியிலுள்ள மெஷின் எண்ணோடு பொருந்தவேண்டும். இருட்டில் ஒளிரும் பூச்சு முள்ளிலும் டயலிலும் ஒரே நிறமாக மங்கியிருந்தால் நல்ல அடையாளம். ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை என்றால் முள் மாற்றப்பட்டிருக்கலாம். பின்மூடியின் உட்புறத்தில் கூர்முனையால் கீறிய சிறு எழுத்துகளும் திகதிகளும் இருக்கும். ஒவ்வொரு தடவையும் திருத்தியவர் இட்ட குறி அது. அதை அழித்துவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். 1960கள் வரை செய்யப்பட்ட ஒளிரும் டயல்களில் ரேடியம் இருக்கலாம். ரேடியத்தின் அரைவாழ்வு 1,600 ஆண்டு. ஒளி மங்கினாலும் கதிர்வீச்சு மங்காது. மூடிய மணிக்கூட்டைக் கையில் எடுத்துப் பார்ப்பதில் பெரிய ஆபத்து இல்லை. திறந்து அந்தப் பூச்சைச் சுரண்டுவதும் அதன் தூளைச் சுவாசிப்பதும் ஆபத்து. பிள்ளைகள் ஒருபோதும் செய்யக்கூடாது.

உப்புக் காற்றில் வைத்திருப்பது

கடலோரத்தில் மணிக்கூட்டின் முதல் எதிரி உப்பு. ஐம்பது ஆண்டு பழைய மணிக்கூட்டின் இறப்பர் வளையங்கள் இறுகி வெடித்திருக்கும். டயலில் 70 மீற்றர் என்று எழுதியிருந்தாலும் இன்று அது மழைக்கும் தாங்காது. குரோனோகிராப்புக்குச் சாதாரண மணிக்கூட்டைவிட இரண்டு வாசல் அதிகம். அந்த இரண்டு பொத்தான்களின் வழியாகவே ஈரமும் வியர்வையும் உள்ளே போகும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு மூடிய டப்பாவில் வைக்கலாம். கண்ணாடிக்குள் ஆவி படிந்தால் வெயிலில் வைக்காதீர்கள்; ஈரம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், டயலின் பூச்சும் கிளம்பும். அன்றே திறந்து துடைக்கக்கூடியவரிடம் கொண்டுபோங்கள். நீண்டகாலம் ஓடாமல் கிடந்ததை எடுத்தவுடன் ஓடவிடாதீர்கள். எண்ணெய் காய்ந்த மெஷின் தன்னையே தேய்த்துக்கொள்ளும். முதலில் சேர்விஸ், பிறகு ஓட்டம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி இந்தக் கரையோரம் முழுவதையும் கடல் எடுத்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். சேற்றிலிருந்து எடுத்த மணிக்கூடுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கலாம். அவற்றின் மெஷினைக் கழுவி எண்ணெயிட்டுக் காப்பாற்றுங்கள். முகத்திலுள்ள உப்புக் கறையை அப்படியே விடுங்கள். புதிய டயல் போட்ட மணிக்கூட்டுக்கு அந்தக் காலையைப் பற்றி எதுவும் சொல்லத் தெரியாது.

விலையும் மதிப்பும்

2017 ஒக்டோபர் 26இல் நியூயோர்க்கில் நடிகர் போல் நியூமனின் ரோலெக்ஸ் டேடோனா 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போனது. அதே ரகத்து மணிக்கூடுகள் வேறு பல உள்ளன. அவற்றுக்கு அந்த விலை இல்லை. அதன் பின்மூடியில் அவர் மனைவி ஜோஆன் வூட்வேர்ட், கவனமாக ஓட்டும்படி சொல்லிப் பொறித்த சொற்கள் இருந்தன. அது யார் கைக்கு எப்படி மாறியது என்ற கதையும் தெளிவாக இருந்தது. மணிக்கூட்டோடு அந்த வரலாறும் சேர்ந்தே விற்பனையானது. நம் வீட்டு மணிக்கூட்டுக்கு அந்த விலை வராது. ஆனால் விதி ஒன்றுதான்: யாருடையது, எங்கு வாங்கியது, எப்போது திருத்தியது என்று தெரிந்த மணிக்கூடு, தெரியாத மணிக்கூட்டைவிட மதிப்புள்ளது. இலாபத்துக்காகச் சேகரிக்க வேண்டாம் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன். சந்தை ஏறும், இறங்கும். படித்த அறிவும் பழகிய கண்ணும் இறங்காது.

நான் உங்களிடம் கேட்பது

மணிக்கூடு திருத்துபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பெற்றரி மாற்றத் தெரிந்தவர் எந்தக் கடைத்தெருவிலும் கிடைப்பார். குரோனோகிராப்பைப் பிரித்து, நூற்றுக்கணக்கான பாகங்களைக் கழுவி, இதயத் தகட்டின்மேல் சுத்தியல் சரியாக விழும்படி மீண்டும் கோக்கத் தெரிந்தவர்கள் வயோதிபர்கள். அவர்களுக்குப் பின் அந்தக் கை எங்கே போகும்? கண்ணில் பெருக்காடி வைத்து உட்காரும் அந்த மேசையருகே ஓர் இளைஞன் இருந்து பார்க்கவேண்டும். தொழிற்பயிற்சி நடத்துபவர்கள் இதை ஒரு பாடமாக யோசிக்கவேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். பொத்துவிலிலிருந்து கல்முனை வரை மணிக்கூடு திருத்துபவர் யார் யார், எப்போது தொடங்கினார்கள், யாரிடம் கற்றார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். வீட்டில் பழைய மணிக்கூடு இருந்தால், அது குரோனோகிராப் ஆனாலும் சாதாரணமானதானாலும், பின்மூடி எண்ணைக் குறித்து, இரு பக்கமும் படமெடுத்து, அப்பப்பாவிடமோ மூத்தப்பாவிடமோ மூன்று கேள்வி கேளுங்கள்: எங்கே வாங்கினீர்கள், என்ன வேலை செய்து வாங்கினீர்கள், எப்போது யார் திருத்தினார்? விடையை எழுதி, திகதியிட்டு, மணிக்கூட்டோடு ஒரே டப்பாவில் வையுங்கள்.

இதற்குக் காசு வேண்டாம். சேகரிப்பாளர் ஆகவேண்டும் என்றுகூட இல்லை. சுவிஸ் தொழிற்சாலைப் பரணில் வெர்மோ செய்ததை நம் வீட்டு லாச்சிக்குள் நாம் செய்ய முடியும். கேட்கவேண்டிய மனிதர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.